லேபலில் இல்லாத ஆடு

போன வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு றிவர்டேல் பண்ணைக்குப் போனேன். அன்று செம்மறிகளுக்கு உரோமம் வெட்டிக் காட்டுகிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். வெட்ட வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். துள்ளிக்கொண்டு நின்ற ஆட்டை ஒரு சுழற்றில் பின்புறத்தில் இருத்தி, அதன் முதுகைத் தன் முழங்கால்களில் சாய்த்துக்கொண்டாள். இருத்தியதுதான் தாமதம், சலூன் கதிரையில் கண்ணயரும் கிழவரைப்போல ஆடு அடங்கிவிட்டது. மெஷின் வயிற்றில் தொடங்கி, தொடைக்கு இறங்கி, முதுகைச் சுற்றி வந்தது. உரோமம் துண்டு துண்டாக விழவில்லை. ஒரு சுவெற்றரைக் கழற்றிப் போட்டதுபோல முழுதாகக் கழன்று நிலத்தில் கிடந்தது. எழுந்து நின்ற ஆடு பாதியாக மெலிந்து, வெட்கப்பட்டதுபோல ஒரு மூலைக்குப் போனது.

பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மம்மா, அதுக்கு நோகுமா?"

"நோகாது பிள்ளை. தலைமயிர் வெட்டுற மாதிரித்தான்."

சொன்னது பொய்யில்லை. என் கண்முன் நின்ற அந்த ஆட்டுக்கு நோகவில்லை. ஆனால் இந்த நகரத்தில் நான் ஒன்பது வருடம் தைத்த கோட்டுகளுக்கு உரோமம் கொடுத்த ஆடுகளைப் பற்றி அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்ற யோசனை அன்று தொடங்கியது. பிறகு நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். அதில் கண்டதும் எனக்கு முன்பே தெரிந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

1989இல் வந்து இறங்கியபோது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் ஒரு அறையில் நாலு பேர் இருந்தோம். எங்கள் சனத்துக்கு ரொறன்ரோ அப்போது அந்தக் கட்டடங்களில்தான் தொடங்கியது. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை தூரத்தில்தான் இந்தப் பண்ணை இருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. காலையில் 506 ஸ்ரீட்கார் எடுத்து மேற்கே ஸ்பெடைனாவுக்குப் போவேன். யூதர்கள் தொடங்கி, பிறகு சீனர்களும் போர்த்துக்கீசரும் வேலை செய்த தையல் பட்டறைகள் அந்த வீதியில் இன்னும் சில மிச்சம் இருந்தன. அப்படி ஒன்றில் குளிர்கால கோட் தைத்தோம். என் வேலை கழுத்துப் பட்டியும் லேபலும். தூய புதிய கம்பளி, 100 வீதம். அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை ஊசிக்குக் கீழே தள்ளியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த லேபலில் என்ன இருக்கவேண்டும் என்பதற்குக் கனடாவில் சட்டம் இருக்கிறது. இழையின் பெயர், அதன் வீதம், விற்பவரை அடையாளம் காட்டும் பெயர் அல்லது இலக்கம். இவை கட்டாயம். ஆடு எந்த நாட்டில் வளர்ந்தது, எப்படி வளர்ந்தது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. 'புதிய' என்ற சொல்லுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பழைய கம்பளிக் கந்தல்களைக் கிழித்து அரைத்து மறுபடியும் நூலாக்கும் தொழில் தொடங்கியது. அது கலக்காத கம்பளி என்பதற்கு அடையாளமாகத்தான் 'புதிய'. 1964இல் சர்வதேசக் கம்பளிச் செயலகம் வெளியிட்ட, நூற்கண்டுபோல முறுகிய வுல்மார்க் சின்னமும் இழையின் தூய்மைக்கும் தரத்துக்குமே உத்தரவாதம் தந்தது. அதே 1964இல் இங்கிலாந்தில் ரூத் ஹரிசன் 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். கோழிகளையும் கன்றுகளையும் கூட்டில் அடைத்து வளர்க்கும் தொழிற்சாலைப் பண்ணைகளைப் பற்றியது. அது கிளப்பிய கேள்விகளால் அரசு ஒரு குழுவை நியமித்தது. 1965இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்துதான் விலங்குகளின் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று இன்று உலகம் சொல்லும் கருத்து வளர்ந்தது: பசி தாகம் இல்லாமை, வசதிக்குறைவு இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, தன் இயல்பில் நடமாடுதல், பயம் இல்லாமை. ஒரே வருடத்தில் பிறந்த சின்னமும் புத்தகமும் ஒரே கோட்டில் சந்திக்க இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

அந்தப் பட்டறையில் வேலை செய்தபோது எனக்கு ஒரு விஷயம் விளங்கவேயில்லை. ஆட்டிலிருந்து துணி எப்படி வரும்? சிரிக்கவேண்டாம். எங்கள் ஊர்ச் செம்மறிக்கு உரோமம் கிடையாது. யாழ்ப்பாணத்து மறி சின்னது, குறுமயிர் கொண்டது, வெயிலுக்கென்றே பிறந்தது. அதை இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்த்தார்கள். அறுவடை முடிந்த தோட்டத்தில் பட்டி அடைப்பார்கள். ஒரு கிழமை இரவு இரவாக ஆடுகள் அங்கே கிடந்தால் புகையிலைக்கு வேறு பசளை தேவையில்லை. தமிழ்நாட்டில் அதைக் கிடை போடுவது என்பார்கள். கி.ரா.வின் குறுநாவலை வாசித்தவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். ஐயாவின் தோட்டத்தில் பட்டி அடைக்க வருகிறவர் ஒவ்வொரு ஆட்டையும் குணம் சொல்லிக் கூப்பிடுவார். அவரிடம் அடி வாங்கிய ஆட்டையும் பார்த்திருக்கிறேன், அவர் மடியில் கிடந்து குட்டி ஈன்ற ஆட்டையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய ஆயர்களைப் புனிதர்களாக்கும் எழுத்துக்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் அந்த ஆட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே நின்றார்.

கம்பளியைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் பட்டறையில் பக்கத்து மெஷினில் இருந்த அட்டன் அக்கா. ஒரு நாள் கட்டிங் மேசையிலிருந்து வந்த கருப்புத் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம கம்பளி வாசம் தங்கச்சி" என்றார். அவருடைய பாட்டி மலையில் கொழுந்து எடுத்தவர். மழைக்கும் பனிக்கும் தலையிலிருந்து முதுகுவரை போர்த்தி, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்ளும் முரட்டுக் கருங்கம்பளி. நனைந்தால் கல்லுக் கனம். "கம்பளி கொடுத்தாங்கன்னு நினைக்காதீங்க. அதையும் கணக்குல புடிச்சாங்க" என்றும் சொன்னார்.

பிற்பாடு வாசித்தபோது அக்கா சொன்னது அப்படியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளருக்குத் தோட்டம் அரிசியும் கம்பளியும் முன்பணமாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. ஆங்கிலேயத் துரைமார் அதைக் 'கம்ப்ளி' என்றே எழுதினார்கள். ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரு பதிவே உண்டு. மலைக்குளிருக்கு வெற்றுக்காலோடு வந்த மனிதர், உயிர் பிழைக்கப் போர்த்திய போர்வைக்குக் கடன்காரராக இருந்தார். கம்பளியின் நியாய அநியாயத்தைப் பேசும்போது ஆட்டோடு நிறுத்திவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு அக்காவின் அந்த ஒரு வாக்கியம் காரணம்.

அந்தக் கருங்கம்பளி தக்காணத்து, கொங்குப் பக்கத்து ஆடுகளின் சொரசொரப்பான உரோமத்தில் நெய்யப்படும் வகை. தோளில் போட்டால் குத்தும். ஸ்பெடைனாவில் நாங்கள் தைத்த மிருதுவான துணிக்கு வேறு ஆடு வேண்டும். அதன் பெயர் மெரினோ.

மெரினோ ஸ்பெயினின் சொத்து. 18ஆம் நூற்றாண்டுவரை அதை நாட்டுக்கு வெளியே விடாமல் ஸ்பானிய அரசு பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1786இல் பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி ஒரு மந்தையை வாங்கி ரம்புயேயில் விட்டான். 1797இல் சில மெரினோக்கள் நன்னம்பிக்கை முனையிலிருந்து கப்பலில் சிட்னி போய்ச் சேர்ந்தன. அவுஸ்திரேலியாவின் செல்வம் அந்தச் சில ஆடுகளிலிருந்து தொடங்குகிறது. அந்தப் புல்வெளிகளில் ஏற்கனவே இருந்த பூர்வகுடிகளுக்கு என்ன நடந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. கம்பளிக்காக மனிதரைக் கிளப்பியதும் அங்கே மட்டும் நடந்ததல்ல. 1814இல் ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்நேவரில் செம்மறி மேய்க்க இடம் வேண்டும் என்று குடிகளை வெளியேற்றி வீடுகளைக் கொளுத்தினார்கள். அப்படி மேட்டுநிலங்களிலிருந்து துரத்தப்பட்ட பலர் கனடாவுக்கு வந்தார்கள். கிழக்கு ஒன்ராறியோவில் ஸ்கொட்டிஷ் ஊர்ப் பெயர்களைக் காணும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

மெரினோவின் துயரம் 1880களில் தொடங்கியது என்று சொல்லலாம். அமெரிக்காவின் வெர்மொண்டில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் ஒரு மெரினோ வகையை வளர்த்தெடுத்திருந்தார்கள். மடிப்பு கூடினால் தோலின் பரப்பு கூடும், பரப்பு கூடினால் உரோமம் கூடும், உரோமம் கூடினால் பணம் கூடும். கணக்கு அவ்வளவுதான். அவுஸ்திரேலியர்கள் அந்தக் கிடாக்களை இறக்குமதி செய்து தங்கள் மந்தைகளில் கலந்தார்கள். பின்தொடையிலும் வாலடியிலும் இருந்த மடிப்புகளில் சிறுநீரும் சாணமும் தங்கின. அந்த ஈரத்தைத் தேடி ஒரு பச்சை ஈ வந்தது. அது அந்த நாட்டு ஈயும் அல்ல, வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வரும். புழு உயிரோடு இருக்கும் ஆட்டின் தோலைத் தின்னும். கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் ஆடு செத்துப்போகும். புழு வைத்த மாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

1920களின் இறுதியில் தென் அவுஸ்திரேலியாவில் மியூல்ஸ் என்ற ஒரு பண்ணைக்காரர் ஒரு ஆட்டுக்கு உரோமம் வெட்டும்போது கை தவறி வாலடித் தோலையும் வெட்டிவிட்டார் என்றும், காயம் ஆறியபிறகு அந்த இடத்தில் மடிப்பு இல்லாததால் ஈ அண்டவில்லை என்று கண்டார் என்றும் சொல்வார்கள். 1930களில் அது முறையாகப் பரவியது. சில கிழமைகளே ஆன குட்டியை மல்லாக்காகத் தொட்டிலில் பூட்டி, வாலடியின் இரண்டு பக்கமும் தோலைக் கத்தரியால் சீவி எடுப்பார்கள். புண் ஆறும்போது தோல் இழுபட்டு, மயிரில்லாத வழுவழுப்பான தழும்பாகும். பெயர் மியூல்சிங். எழுபது வருடத்துக்கு மேல் இதைப் பெரும்பாலும் வலிமருந்து எதுவுமில்லாமலே செய்தார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஆனால் பண்ணைக்காரரைக் கொடியவர் என்று எழுதிவிட்டுப் போவதும் நேர்மையில்லை. புழு தின்ற ஆட்டை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தக் கத்தரி இரக்கமாகவே தெரிந்திருக்கும். குட்டிக்கு ஒரு நாள் வலி, அல்லது வளர்ந்த ஆட்டுக்கு ஐந்து நாள் மரணம். இரண்டில் ஒன்றை எடு என்றால் நானும் கத்தரியை எடுத்திருப்பேன். அந்த இரண்டில் ஒன்று என்ற நிலையை உண்டாக்கியது யார் என்பதே கேள்வி. ஈ அல்ல. கூடுதல் உரோமத்துக்காக மடிப்புத் தோலைத் தேர்ந்து வளர்த்த சந்தை. மடிப்பில்லாத உடம்பும் வாலடியில் உரோமம் குறைந்த இயல்பும் உள்ள மெரினோவை வளர்க்க முடியும், அவுஸ்திரேலியாவிலேயே பலர் வளர்க்கிறார்கள். அதற்குப் பல வருடத் தேர்வு வேண்டும், நடுவில் வரும் நட்டத்தை யாராவது தாங்கவேண்டும்.

2004இல் பீட்டா அமைப்பு உலகத் துணிக்கடைகளிடம் போனது. அந்த வருடம் அபர்குறொம்பி அண்ட் பிட்ச் அவுஸ்திரேலிய மெரினோவை வாங்கமாட்டோம் என்றது. பயந்துபோன கம்பளித் தொழில்துறை 2010 முடிவதற்குள் மியூல்சிங்கை நிறுத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தது, 2009இல் அந்த வாக்கைக் கைவிட்டது. எங்களுக்கு ஒப்பந்தம் கிழிக்கப்பட்ட வரலாறு புதிதில்லை என்பதால் இந்த வருடங்களை நான் மறப்பதில்லை. ஆனாலும் சில அசைவுகள் நடந்தன. 2008இல் ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் பொதியில் என்ன முறை என்பதை அறிவிக்கும் பத்திரம் ஒன்று வந்தது: மியூல்சிங் செய்யாதது, செய்வதை நிறுத்தியது, வலிமருந்தோடு செய்தது என்று. கட்டாயம் இல்லை, விரும்பினால் நிரப்பலாம். 2018 அக்டோபரில் நியூசிலாந்து மியூல்சிங்கைச் சட்டத்தால் தடைசெய்தது. 2020இல் விக்டோரியா மாநிலம் வலிமருந்தைக் கட்டாயமாக்கியது.

கத்தரி பிடிப்பவரையும் சொல்லவேண்டும். உரோமம் வெட்டுபவருக்கு அவுஸ்திரேலியாவில் ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்றே கூலி. 1891இல் குயின்ஸ்லாந்தில் அவர்கள் செய்த வேலைநிறுத்தம் அந்நாட்டின் தொழிற்கட்சி பிறந்த கதையின் ஒரு பகுதி. 2014இல் இரகசியமாக எடுத்த படங்கள் வெளிவந்து, வெட்டுபவர்கள் ஆட்டைக் குத்துவதையும் மிதிப்பதையும் உலகம் பார்த்தது. எனக்கும் துண்டுக் கணக்கில்தான் சம்பளம். ஒரு கழுத்துப் பட்டிக்கு இவ்வளவு சதம் என்று. அவசரத்தில் விரலில் ஊசி ஏறியிருக்கிறது, துணியைக் கோபத்தில் இழுத்துக் கிழித்திருக்கிறேன். துணிக்கு வலியில்லை. என் மடியில் துணிக்குப் பதிலாக அறுபது கிலோ உயிர் துடித்துக்கொண்டிருந்தால் ஐந்தாவது மணித்தியாலத்தில் நான் எப்படி இருந்திருப்பேன்? அடித்தவர்களை நான் மன்னிக்கச் சொல்லவில்லை.

உரோமம் மலிந்த வயதான ஆடுகளின் கடைசிப் பயணம் கப்பலில். 2003இல் கோர்மோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் ஏறத்தாழ 57,000 ஆடுகளோடு சவூதி அரேபியாவுக்குப் போனது. நோய் என்று சொல்லிச் சவூதி இறக்க மறுத்தது. எந்தத் துறைமுகமும் ஏற்காமல் வாரக்கணக்கில் கடலில் கிடந்தது. ஆயிரக்கணக்கில் செத்தன. மிச்சத்தைக் கடைசியில் எரித்திரியா ஏற்றது. மனிதரோடு ஆட்டை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் துறைமுகம் துறைமுகமாகத் திருப்பப்படும் கப்பல் என்ற சொற்களை எங்களில் எவரும் சாதாரணமாக வாசிக்க முடியாது. செம்மறிகளைக் கடல்வழி உயிரோடு ஏற்றுமதி செய்வதை 2028 மே மாதத்தோடு நிறுத்தும் சட்டத்தை அவுஸ்திரேலியா 2024இல் நிறைவேற்றியது.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நான் முதலில் நினைத்தேன். அப்போதுதான் றிவர்டேல் பண்ணையின் சொந்தக் கதையே கையில் வந்தது. அந்த இடம் 1974வரை ரொறன்ரோவின் மிருகக்காட்சிச்சாலை. நெருக்கமான கூடுகளில் மிருகங்களை அடைத்து வைத்திருந்த விக்ரோறியா காலத்து இடம். 1974இல் ஸ்காபறோவில் பெரிய மிருகக்காட்சிச்சாலை திறந்ததும் இது மூடப்பட்டு, 1978இல் பண்ணையாகியது. இன்னும் பின்னால் போனால் 1887 வரும். ஜே. ஜே. கெல்சோ என்ற இளம் பத்திரிகை நிருபர் அந்த வருடம் ரொறன்ரோ ஹியூமேன் சொசைற்றியைத் தொடங்கினார். இன்று அது நாய் பூனைகளைக் காக்கும் சங்கம் என்றே எல்லோருக்கும் தெரியும். தொடங்கியபோது அது விலங்குகளையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் காக்க வந்தது. நகரத்து ஸ்ரீட்கார்களைக் குதிரைகள் இழுத்த காலம், இரவில் தெருவில் பத்திரிகை விற்கும் பிள்ளைகள் திரிந்த காலம். சாட்டை பட்ட குதிரையும் பசித்த பிள்ளையும் கெல்சோவுக்கு ஒரே பிரச்சினையாகத் தெரிந்தன. 1891இல் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் பிரிந்தது. அன்று பிரிந்த இரண்டையும் மறுபடியும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு இன்னும் வரவில்லை என்று எனக்குப் படுகிறது. ஆட்டைப் பற்றிப் பேசுபவர் தைப்பவரைப் பேசுவதில்லை, தைப்பவரைப் பற்றிப் பேசுபவர் ஆட்டைச் சொன்னால் சிரிக்கிறார்.

கனடாவின் கம்பளி இன்று இருக்கும் நிலை வேறு விதமான சோகம். இந்த நாட்டில் மியூல்சிங் வழக்கத்தில் இல்லை. ஒன்ராறியோவில் ஒருகாலத்தில் ஆற்றங்கரை தோறும் கம்பளி ஆலைகள் இருந்தன. கிரெடிற் நதியில் ஸ்ரீற்ஸ்வில்லிலும், ஒட்டாவாவுக்கு மேற்கே ஆல்மொண்டிலும் இருந்த ஆலைகள் புகழ்பெற்றவை. ஆல்மொண்டின் ரோசமண்ட் ஆலையில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1918இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கனடாக் கம்பளி வளர்ப்போர் கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஆல்மொண்டுக்குப் பக்கத்தில் கார்ல்ரன் பிளேஸில் இன்றும் அது உரோமத்தைத் தரம் பிரித்துப் பொதி கட்டுகிறது. கட்டிய பொதியில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. கழுவவும் நூற்கவும் பெரிய ஆலைகள் இங்கே மிஞ்சவில்லை.

ஒன்ராறியோவில் செம்மறி வளர்ப்பது இறைச்சிக்காக. அந்த இறைச்சியை வாங்குகிறவர்களில் ஒரு பெரிய பங்கு எங்களைப்போல வந்து குடியேறியவர்கள். ஸ்காபறோவில் சனிக்கிழமை காலை எந்த இறைச்சிக்கடை வரிசையிலும் நின்று பாருங்கள். ஆடு விலை போகிறது, உரோமம் விலை போகவில்லை. ஒரு ஆட்டின் உரோமத்துக்குக் கிடைக்கும் காசு அதை வெட்டுபவரின் கூலிக்கே காணாது. அதனால் பலர் அதைக் குப்பையோடு மக்க விடுகிறார்கள், அல்லது களஞ்சியத்தில் குவித்து வைக்கிறார்கள். உரோமத்துக்கு விலையில்லை என்றால் வெட்டாமல் விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடமுடியாது. காட்டு ஆடு தன் உரோமத்தைத் தானே உதிர்க்கும். ஆயிரக்கணக்கான வருடம் மனிதன் தேர்ந்து வளர்த்ததில் வீட்டு ஆடு அந்த இயல்பை இழந்துவிட்டது. 2015இல் அவுஸ்திரேலியத் தலைநகர் கான்பராவுக்கு அருகில் மந்தையை விட்டுத் தனியே திரிந்த ஒரு மெரினோவைப் பிடித்து வெட்டியபோது 40 கிலோவுக்கு மேல் உரோமம் வந்தது. அதைச் சுமந்துகொண்டு நடக்க முடியாமல் இருந்தது அந்த ஆடு. எனவே கம்பளி உடுக்கமாட்டேன் என்று நான் சபதம் எடுத்தாலும், எங்கள் கறிச்சட்டிக்கு வரும் ஆட்டுக்கு வருடம் ஒருமுறை ஒருவர் குனிந்து நின்று உரோமம் வெட்டத்தான் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் மெரினோவின் நிழல் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவற்றைக் கலந்து வந்தது நீலகிரி ஆடு. தென்னிந்தியாவில் மிருதுவான உரோமம் தரும் அரிய இனம். 1965 முதல் ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லாவில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அதைப் பாதுகாத்து வருகிறது. இனம் அருகிவிட்டது. அங்கேயும் கறிக்கு விலை, உரோமத்துக்கு இல்லை. கம்பளி நெய்த குறும்பர் குடும்பங்கள் ஆலைப் போர்வைகளோடு போட்டியிட முடியாமல் போன கதையும் இதுவே.

வுல்மார்க்கும் ரூத் ஹரிசனும் சந்திக்க ஐம்பது வருடம் ஆனது என்றேன். 2016இல் டெக்ஸ்ரைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பொறுப்பான கம்பளிக்கான ஒரு தரநிலையை வெளியிட்டது. ஐந்து சுதந்திரங்கள் அதன் அடித்தளம். மியூல்சிங் செய்த பண்ணைக்கு அதில் இடமில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கக் கூடாது. பண்ணையிலிருந்து கழுவும் ஆலை, நூற்பாலை, நெசவாலை என்று ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் சான்று இருக்கவேண்டும். ஒரு கை தவறினாலும் லேபல் இல்லை. இந்தச் சங்கிலி எனக்குப் பிடித்த விஷயம். நான் தைத்த காலத்தில் பொதி எங்கே இருந்து வந்தது என்று முதலாளிக்கே தெரியாது. ஆனால் முதல் வடிவத்தில் ஆடும் நிலமும் மட்டுமே இருந்தன. பண்ணையில் வேலை செய்யும் மனிதரைப் பற்றிய விதிகள் 2020 திருத்தத்தில்தான் சேர்ந்தன. சோதிக்க வருபவருக்குப் பணம் கட்டவேண்டும் என்பதால் இருபது முப்பது ஆடு வளர்க்கும் சிறு பண்ணைக்காரருக்கு இது எட்டாது என்ற குறையும் நியாயமானது. சான்று இல்லாத அவர் பண்ணையில் ஆடுகள் நன்றாகவே இருக்கலாம். இருந்தும் எனக்கு லேபல் இல்லாத காலத்தைவிட இது மேல். ஒரு கேள்வியை எங்கே போய்க் கேட்கலாம் என்றாவது தெரிகிறது.

அன்று பண்ணையில் வெட்டிய பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி உரோமம் கொடுத்தாள். பேத்தியின் விரல்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. "என்ர கையில ஆடு மணக்குது" என்று ஸ்ரீட்காரில் வரும்வரை முகர்ந்துகொண்டே வந்தாள். அட்டன் அக்கா துணியை முகர்ந்தது எனக்கு நினைவு வந்தது. அக்கா இப்போது மார்க்கத்தில் மகனோடு இருக்கிறார். தொலைபேசியில் சொன்னேன். "அந்தக் கம்பளியை மிச்சம் வெச்சிருந்தா பிள்ளைக்குக் குடுத்திருப்பேன்" என்றார்.

அக்டோபரில் பேத்திக்குக் குளிர்கால கோட் வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். நல்ல நீலக் கோட். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பழக்க தோஷம். தையல் நேராக இருந்தது. மெரினோ கம்பளி 80 வீதம், நைலோன் 20 வீதம். விற்பனைப் பையனிடம் இந்த மெரினோ எங்கே வளர்ந்தது என்று கேட்டேன். அவன் கோட்டை வாங்கி, நான் பார்த்த அதே லேபலைத் தானும் பார்த்தான். பிறகு மனேஜரைக் கூப்பிட்டான். அவர் மரியாதையாக என் மின்னஞ்சலை எழுதிக்கொண்டு, விசாரித்து அறிவிப்பதாகச் சொன்னார். மூன்று கிழமை ஆகிறது. பிள்ளை பழைய கோட்டின் கை எட்டாமல் பள்ளிக்கூடம் போகிறாள், மகள் என்னோடு கோபம். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் போய்க் கேட்கப்போகிறேன்.